கடியப்பட்டணத்து உப்புக்குள் கிடந்த பெட்டி

கன்னியாகுமரிப் பக்கம் போகிறவர்கள் சூரியோதயம் பார்க்கப் போவார்கள், இல்லையென்றால் சாமி கும்பிடப் போவார்கள். சென்ற மாசி மாதம் நானும் என் மனைவியும் போனது ஒரு தகரப் பெட்டியைத் தேடி. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். கோயில், குளம், கடல் குளியல் என்று விவரம் எதிர்பார்த்து இதைப் படிக்க உட்கார்ந்தவர்கள் கடைசியில் கொஞ்சம் பொறுமையோடு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

நான் ரோடு ஓவர்சியர். வீடு பாளையங்கோட்டையில். மனைவி சிவகாமி பெங்களூரில் ஒரு விஞ்ஞான நிலையத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். கல்யாணமானவன் கடைச் சாப்பாடு சாப்பிடுகிறானே என்று என் உறவினர்கள் படும் துக்கத்துக்கு அளவில்லை. எனக்கு அந்தத் துக்கம் கிடையாது. கடைச் சாப்பாடு அவள் சமையலைவிட நன்றாகவே இருக்கிறது. இதை அவளே ஒப்புக்கொள்வாள்.

அவள் தேடுவது என்ன என்பதை எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் என்று கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இரவும் பகலும் பூமியின் மேல் விழுந்துகொண்டிருக்கின்றன. எங்கிருந்து வருகின்றன என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அவை மின்சாரம் ஏறிய துகள்கள். வானவெளியில் உள்ள காந்தம் அவற்றை இழுத்து வளைத்துத் திருப்பிவிடுகிறது. பத்து இடத்தில் பஸ் மாறி வந்தவன் கையில் உள்ள கடைசி டிக்கெட்டைப் பார்த்து அவன் சொந்த ஊரைச் சொல்ல முடியுமா, அதுபோலத்தான்.

ஆனால் சந்தேகத்துக்குரிய ஆள் ஒருவர் இருக்கிறார். பெரிய விண்மீன்கள் சில வெடித்துச் சிதறுகின்றன. வெடித்த பிறகு அதன் மிச்சம் புகைமண்டலம் போல விரிந்துகொண்டே போகிறது. ரிஷப ராசியில் அப்படி ஒன்று இருக்கிறதாம். அது வெடித்த வெளிச்சத்தை ஒன்பது நூற்றாண்டுக்கு முன் சீனாக்காரர்கள் பகலிலேயே பார்த்திருக்கிறார்கள். அந்த மிச்சத்தில்தான் இந்தத் துகள்கள் வேகம் பிடிக்கின்றன என்றால், அங்குள்ள வாயுவில் அவை மோதும்போது காமா கதிர்கள் பிறக்க வேண்டும். காமா கதிருக்கு மின்சாரம் இல்லை, எந்தக் காந்தமும் அதை வளைக்காது. புறப்பட்ட இடத்திலிருந்து நேராக வரும். அந்தத் திசையிலிருந்து வரும் காமா கதிரைப் பிடித்துவிட்டால் சொந்த ஊர் தெரிந்துவிடும்.

காற்று அதைத் தரைக்கு விடாது. ஆகவே விசேஷமான போட்டோ பிளேட்டுகளை அடுக்கி, தகரப் பெட்டியில் வைத்து ஈயத்தால் பற்றவைத்து அடைத்து, பலூனில் கட்டி மேலே அனுப்ப வேண்டும். அதற்கு ஏன் தென்கோடிக்கு வந்தாள் என்று கேட்டேன். பூமியின் காந்தத்துக்கு நடுக்கோடு இந்தப் பக்கமாகத்தான் போகிறதாம். மின்சாரத் துகள்களில் பெரும்பகுதியைப் பூமியே இங்கே தடுத்துத் திருப்பிவிடும். கூட்டம் குறைந்த இடத்தில் ஆளை அடையாளம் காண்பது சுலபம் என்றாள். எனக்குச் சரியாகத்தான் பட்டது.

திருவனந்தபுரத்தில் ஒரு மைதானத்திலிருந்து பிற்பகலில் பலூனை விட்டார்கள். சாயங்காலம் ரிஷபம் தலைக்கு மேல் நிற்கும் நேரத்தில் அது உச்சியில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. உச்சிக்குப் போனதென்னவோ போனது. சூரியன் மறைந்ததும் தூரக்கண்ணாடியிலிருந்தும் மறைந்துவிட்டது. காற்று தென்கிழக்கே தள்ளிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். கூட வந்தவர்கள் பெங்களூருக்குத் திரும்பினார்கள், இவள் பாளையங்கோட்டைக்கு வந்து படுத்துக்கொண்டாள். இன்னொரு பலூனுக்கு மேலதிகாரி இசையமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். என் அம்மாவிடமும், "இந்தப் பலூனோடு பார்ப்போம், சரிவராவிட்டால் வீட்டோடு இருந்துவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். இரண்டு வருஷ உழைப்பு அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

பெட்டியின் மேல் தமிழிலும் மலையாளத்திலும் அவளே எழுதி ஒட்டியிருந்தாள்: 'இது வெடிக்காது. திறக்க வேண்டாம். உள்ளே இருப்பது சூட்டில் கெட்டுப்போகும். குளிர்ச்சியான இருட்டான இடத்தில் வைத்து, கீழ்க்கண்ட விலாசத்துக்குத் தந்தி அடிக்கவும்.' பக்கத்தில் இருப்பது நான் என்பதால் என் விலாசம். தந்தியும் வந்தது. கடியப்பட்டணத்திலிருந்து, அடித்து நாலு நாள் கழித்து. பெட்டி பத்திரம், குளிர்ச்சியாக இருக்க மணலில் புதைத்திருக்கிறோம் என்று இருந்தது.

நான் சந்தோஷத்தில் அவளை எழுப்பினேன். தந்தியைப் படித்தவள் முகம் வெளுத்துவிட்டது. "எந்த மணலில்?" என்றாள். கடற்கரை மணலில்தான் என்றேன். மணவாளக்குறிச்சி, கடியப்பட்டணம் கடற்கரையில் இருப்பது கருமணல். அதில் தோரியம் இருக்கிறது. தோரியம் உள்ள மணல் சதா காமா கதிரை வீசிக்கொண்டிருக்கும். வானத்துக் காமா கதிரைத் தேடி இருபது மைல் உயரத்துக்கு அனுப்பிய பிளேட்டுகள் பூமியில் காமா கதிர் கொட்டிக்கிடக்கும் மணலுக்குள் படுத்திருக்கின்றன. நாலைந்து நாள் அப்படிக் கிடந்தால் பிளேட்டு முழுக்கப் புகை மூட்டியதுபோல் ஆகிவிடும், ஒரு கோடும் தெரியாது. "குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொன்னவள் நான்தானே" என்றாள் அவள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் கிளம்பினோம்.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு ஐம்பது மைல். காலை ஆறு மணி பஸ் ஒன்பதரைக்குக் கொண்டுபோய் விட்டது. ரயில் கிடையாது. பணகுடி வரைக்கும் ரோட்டைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன், அதில் ஒரு துண்டு என் கையால் போட்டது. ஜன்னலோரமாக உட்காருகிறவர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மாசியிலேயே அப்படி அடிக்கிறது, ஆடியில் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை.

அங்கேதான் சென்னை ராஜ்யம் முடிந்து திருவிதாங்கூர்-கொச்சி ஆரம்பிக்கிறது. இந்த எல்லை இன்னும் எத்தனை நாளைக்கு இங்கே இருக்கும் என்பதுதான் பஸ் முழுக்கப் பேச்சு. சாவடியில் ஒரு கான்ஸ்டபிள் ஏறி, சிவகாமி மடியில் இருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்து நின்றார். கெய்கர் கருவி. கதிர் ஒன்று உள்ளே புகுந்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதைக் காதில் மாட்டிக் கேட்கலாம்.

"இது என்ன சாதனம்? ரேடியோவா?" என்றார்.

சிவகாமி விளக்கம் சொல்லும் நிலையில் இல்லை. காதுக் கருவியை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

"கடியாரம். ஆனா ஒழுங்கா அடிக்கல்லியே. ஒண்ணு அடிக்குது, பொறவு சும்மா கெடக்கு, பொறவு ரெண்டு சேந்தாப்புல அடிக்குது. நாரோயில்ல மணிமேடைப் பக்கம் ஒரு ஆளு உண்டு, அவருகிட்ட காட்டுங்க, செரியாக்கித் தருவாரு."

பார்ப்பதாகச் சொல்லி நன்றி தெரிவித்தேன். கணவாயைத் தாண்டியதும் நாடே மாறிவிடுகிறது. அதுவரை பனையும் பொட்டலும், அதற்கப்புறம் வயலும் குளமும் தென்னையும். நம்மூர்த் தூசி இங்கே ரோட்டில் இல்லை. திருவனந்தபுரம் ரோட்டில் சிமெண்டு போட்டிருக்கிறார்கள். தொழில்காரன் என்ற முறையில் பொறாமையாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

நாகர்கோவிலில் புட்டும் பயறும் நன்றாக இருக்கும். மட்டிப்பழம் என்று சிறு வாழைப்பழம், விரல் அளவுதான், அதை வேறு எங்கும் நான் சாப்பிட்டதில்லை. நான் ஆறு சாப்பிட்டேன், சிவகாமி தண்ணீர் குடித்தாள். குளச்சல் போகும் பஸ் பத்தரைக்கு. மணவாளக்குறிச்சிக்குப் பன்னிரண்டு மைல், முக்கால் மணி நேரம். டிக்கெட் கொடுத்த கண்டக்டர் எங்கள் ஊரைப் பேச்சிலேயே கண்டுகொண்டார்.

"கடியப்பட்டணத்துக்கா போறிய? ஞாயித்துக்கெழம அங்ஙன மீனும் கெடையாது, ஆளும் கெடையாது. எல்லாரும் பூசைக்குப் போயிருப்பாவ."

"மீன் வாங்க வரவில்லை" என்றேன்.

"பொறவு என்னத்துக்கு?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ஆளிடம் போனார்.

மணவாளக்குறிச்சியில் இறங்கி வள்ளியாற்றைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் நடக்க வேண்டும். இரண்டு மைலுக்குள் இருக்கும். தென்னந்தோப்பு வழியே நல்ல நிழல். சிவகாமி காதுக் கருவியை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். தோப்பு முடிகிற இடத்தில் அதைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். கான்ஸ்டபிள் கேட்ட 'டிக்' 'டிக்' எங்கே போனது என்று தெரியவில்லை. தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி ஒரே இரைச்சல். காலடியில் பார்த்தேன். மணலில் கறுப்பு வரிவரியாக ஓடியிருந்தது, அலை ஒதுங்கும் இடத்தில் மை கொட்டியதுபோல் கிடந்தது. பார்க்க அழகான மணல். அவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை வெறுத்ததில்லை.

கட்டுமரங்களை வரிசையாகக் கரையில் ஏற்றியிருந்தார்கள். ஆள் நடமாட்டம் இல்லை. கிறிஸ்தவக் கோயிலில் பாட்டுச் சத்தம் கேட்டது. கொஞ்ச தூரத்தில் நாலு கம்பும் ஒரு பின்னிய ஓலையும் சரிந்து கிடந்தன. கிட்டே போனால் இடுப்பளவு ஒரு குழி, பாதிக்குக் கடல் தண்ணீர். நிழலுக்குப் போட்ட ஓலைதான் அது என்பது பார்த்ததும் தெரிந்தது. குழிக்குள் பெட்டி இல்லை.

சிவகாமி குழிக்குள் கையை விட்டுத் துழாவினாள். பிறகு அதன் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "புகை மூட்டியிருந்தாலும் பரவாயில்லை, கையில் கிடைத்தால் போதும் என்று இப்போது தோன்றுகிறது" என்றாள். நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, கடல் தண்ணீர் குளிர்ச்சியாகத்தான் இருக்கும் என்றேன். இருபது வருஷம் கழித்தும் இதை அவள் ஞாபகப்படுத்துவாள் என்று எதிர்பார்க்கிறேன்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. முதலில் எங்களைப் பார்த்தது முப்பது வயதுள்ள ஒரு பெண். தலையில் போட்டிருந்த வெள்ளைத் துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டே வேகமாக வந்தாள். பெயர் பிலோமினா என்று பிறகு தெரிந்தது.

"பொட்டியத் தேடியா வந்திய? பாளையங்கோட்டைக்காரவியளா?" என்றாள்.

"ஆமாம். எங்கே அது? கடல் கொண்டுபோய்விட்டதா?" சிவகாமி எழுந்துவிட்டாள்.

"கடலுக்குக் குடுப்பமா? எங்க வீட்டுக்காரருல்லா அத எடுத்தது. ராத்திரி வலைக்குப் போன எடத்துல வெள்ளையா மெதந்துதாம். சொறா செத்துக் கெடக்குன்னு நெனச்சு கிட்ட போயிருக்காவ. இந்தா, அவிய வாராவ."

பின்னால் வந்தவர் அவள் கணவர் சூசை. வாட்டசாட்டமான ஆள், பேச்சு குறைவு. பெட்டியைக் கரைக்குக் கொண்டுவந்து, எழுதியிருந்ததைக் கோயில் உபதேசியார் படித்துச் சொன்னதும், குளிர்ச்சியான இடம் என்று ஈர மணலில் குழி தோண்டி வைத்து நிழலும் கட்டி, தந்திக்கும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மறுநாள் காலையிலேயே கடல் பொங்கிக் குழி வரைக்கும் வந்துவிட்டதாம்.

"அதுனால தோண்டி எடுத்தாச்சு. இப்ப பத்திரமா இருக்கு" என்றார் சூசை.

"எங்கே இருக்கிறது?"

"உப்புல கெடக்கு."

சிவகாமி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிளேட்டின் மேல் பூசியிருப்பது ஜெலட்டின். பற்றவைத்த இடத்தில் ஊசிமுனை அளவு வழி கிடைத்து ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் உள்ளே போனாலும் அந்த அடுக்கு முழுக்கப் பாழ். ஒரே ஒரு நாள்தான் மணலில் இருந்தது என்று சந்தோஷப்படக்கூட அவளுக்கு நேரம் கொடுக்காமல் அடுத்தது வந்து நின்றது. "எவ்வளவு நாளாக உப்பில்?" என்று கேட்டுக்கொண்டே அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள், வழி தெரியாமலே. பிலோமினா ஓடிப் போய் அவள் கையைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பினாள்.

கருவாட்டுக் கொட்டகை ஊரின் மேற்குக் கோடியில். முதலாளி மீரான் சாகிபு குளச்சல்காரர். மீனை வாங்கி உப்பிட்டுக் கொழும்புக்கு அனுப்புகிற வியாபாரம். உள்ளே ஆள் உயரத்துக்கு மேல் வெள்ளைக் குவியல், வாசனையைப் பற்றி நான் எழுதவில்லை. எங்களுக்குத் தந்தி அனுப்பியதும் அவர்தான். கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டு எங்களை உட்காரச் சொன்னார். சிவகாமி உட்காரவில்லை.

"உப்பில் ஏன் வைத்தீர்கள்?" என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்தே விட்டது.

சாகிபு கோபித்துக்கொள்ளவில்லை. "அம்மா, சூட்டுல கெட்டுப் போவும்னு அதுல எழுதியிருந்துது. கெடாம வைக்க எனக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதான். நெய்மீன இந்தக் குவியல்ல போட்டு மூணு மாசம் கழிச்சு எடுத்தாலும் நெய்மீன்தான். உள்ள இருக்கது மீனா எறச்சியான்னு எனக்கு இப்பவும் தெரியாது. தொறக்கப்படாதுன்னும் எழுதியிருந்துதே. அதுனால பொட்டியோட போட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். சூசையும் இன்னொருவரும் குவியல் மேல் ஏறி மம்பட்டியால் உப்பை வாரித் தள்ள, நடுக்குவியலில் பனம்பாயில் சுற்றிய பெட்டி வந்தது. சிவகாமி பாயைப் பிரித்துப் பற்றவைப்பு ஓடிய இடம் முழுக்க விரலால் தடவினாள், பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பிறகு மறுபடியும் தடவினாள். ஒரு இடமும் விடவில்லை. உப்பு காய்ந்த உப்பு. பாயில்கூட ஈரம் இல்லை.

ஆனால் அவள் முகம் தெளியவில்லை. கொட்டகை நிற்பதும் அதே மணலில்தானே. கெய்கர் கருவியைத் தரையில் வைத்தாள். காதுக் கருவி கழுத்தில் தொங்க, பக்கத்தில் நின்ற எனக்கே இரைச்சல் கேட்டது. "இதற்கு மேல்தான் இத்தனை நாளும் இருந்திருக்கிறது" என்று மெதுவாகச் சொன்னாள்.

"இதுக்கு மேல இல்ல. அந்த உப்புக்குள்ள" என்றார் சூசை. அவர் திருத்தியது இடத்தை மட்டும்தான், வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குவியல் மேல் ஏறினாள். பெட்டி கிடந்த குழிக்குள் கருவியை இறக்கி, சுற்றிலும் உப்பைத் தள்ளி மூடினாள். காதில் மாட்டிக் கேட்டாள். கருவியை வெளியே எடுத்துத் தட்டினாள், ஒயரை ஆட்டிப் பார்த்தாள், திரும்பவும் உள்ளே வைத்தாள்.

"என்ன, கெட்டுவிட்டதா?" என்றேன்.

அவள் காதுக் கருவியை என் பக்கம் நீட்டினாள். நானும் ஏறினேன். ஒன்றும் கேட்கவில்லை. இரைச்சல் அடியோடு போயிருந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மேஜை மேல் வைத்தாலும் இதைவிட அதிகம் அடிக்கும். கருவிதான் நின்றுவிட்டது என்று நினைக்கும்போது ஒரே ஒரு 'டிக்'. பிறகு வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒன்று.

"மணலிலிருந்து வருவதை உப்பு குடித்துவிட்டது" என்றாள் சிவகாமி. "அதற்கு இவ்வளவு உப்பைத் தாண்ட வலுவில்லை."

"அப்படியானால் இந்த டிக்?"

அவள் கூரையைக் காட்டினாள். "அது மேலே இருந்து வந்தது. அதற்கு உப்பும் ஒன்றுதான், கூரையும் ஒன்றுதான். வானத்திலிருந்து புறப்பட்டதே இங்கே வந்து சேராது, காற்றில் மோதி உடைந்து, அதன் பேரப்பிள்ளை ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள். உப்புக் குவியல் மேல் உட்கார்ந்து அழுகிற மனைவியை எப்படிச் சமாதானம் செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு பெருமைப்பட்ட இடம் வேறு கிடையாது.

அப்புறம் எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று ஆசை. சாகிபு ஏறிக் கேட்டார். சூசை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிலோமினா இரண்டு 'டிக்' கேட்கும்வரை கருவியைத் திருப்பித் தரவில்லை. எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, வெடித்துப்போன ஒரு விண்மீனின் மிச்சத்திலிருந்து வரலாம், அதை நிச்சயமாகத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பெட்டியை அனுப்பினோம் என்று சிவகாமி சொன்னாள்.

"வெடிச்சுத் தீந்ததுக்குப் பொறவும் அனுப்பிக்கிட்டா இருக்கு?" என்றாள் பிலோமினா.

"அப்படித்தான் நினைக்கிறோம்."

"கொள்ளாமே" என்று மெச்சிவிட்டு, சமைக்க நேரமாகிவிட்டது என்று எங்களையும் வீட்டுக்கு அழைத்தாள். நெய்மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும். சிவகாமி அன்றைக்குச் சாப்பிட்டதுபோல் நான் பார்த்ததில்லை. சன்மானம் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு சூசை, பெட்டியைக் கட்டியிருந்த நைலான் கயிற்றைத் தரமுடியுமா என்றார். அப்படி ஒரு கயிற்றை அவர் கண்டதில்லையாம், மெல்லிசாக இருக்கிறது, அறுக்க முடியவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. கயிறு முழுவதையும் கொடுத்து, அதிகாரிக்கு என்ன கணக்கு சொல்வது என்று அவள் அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பெட்டியை வெறுமனே கொண்டுபோக அவள் சம்மதிக்கவில்லை. ஒரு கோணிச்சாக்கில் நடுவே பெட்டி, சுற்றிலும் சாகிபு கொடுத்த உப்பு. மணவாளக்குறிச்சி வரைக்கும் சூசை தோளில் வந்தது. அதற்கப்புறம் பாளையங்கோட்டை வரைக்கும் சுமந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

நாகர்கோவிலில் அன்றிரவு தங்கினோம். அறை மூன்று ரூபாய், சுத்தமாக இருந்தது. மறுநாள் கன்னியாகுமரிக்குப் போவோம் என்றேன். கடற்கரை என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்று சாக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் மட்டும் காலை பஸ்ஸில் போனேன். பன்னிரண்டு மைல், நல்ல ரோடு. சூரியோதயம் முடிந்திருந்தது. அங்கிருந்து நாலு மைலில் வட்டக்கோட்டை. மாட்டுவண்டி கிடைக்கும், நடந்தும் போகலாம். கடலுக்குள் கால் வைத்து நிற்கிற கருங்கல் கோட்டை. அந்தக் கற்களை வெட்டிச் சேர்த்த விதத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கல்லுக்கு நடுவே என் நகம் நுழையவில்லை. இந்த வேலையைச் செய்தவர்களிடம் ஒரு பாலம் கட்டும் காண்ட்ராக்டைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

மதில் மேலிருந்து பார்த்தால் கீழே மணலில் கறுப்பு வரி ஓடுகிறது. உடனே இறங்கிவிட்டேன். நாகர்கோவில் அறைக்குத் திரும்பியபோது சிவகாமி என்னை வாசலிலேயே நிறுத்தி, செருப்பைக் கழற்றி, வேட்டியை உதறி, காலைக் கழுவிய பிறகுதான் உள்ளே விட்டாள். கோயிலுக்குக்கூட நான் அவ்வளவு சுத்தமாகப் போனதில்லை. ஆரல்வாய்மொழியில் அதே கான்ஸ்டபிள். சாக்கைத் தட்டிப் பார்த்து, "உப்பா? திருநெல்வேலியில உப்பு கெடைக்காதா?" என்றார். கடியாரம் சரியாகிவிட்டதா என்று கேட்க மறக்கவில்லை. சரியாகிவிட்டது என்றேன்.

பெங்களூரில் பிளேட்டுகளைக் கழுவியாயிற்று. மணலில் கிடந்த அந்த ஒரு நாளால் எல்லாவற்றிலும் லேசாக மூட்டம் இருக்கிறது, படிக்க முடியாத அளவுக்கு இல்லை. காமா கதிர் ஒன்று பிளேட்டுக்குள் புகுந்தால், ஒன்றுமில்லாத இடத்தில் திடீரென்று இரண்டு கோடுகள் கவட்டைபோலப் பிரிந்து ஓடும். சிவகாமி காலை முதல் மாலை வரை பூதக்கண்ணாடிக்குக் கீழே அவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறாள். ரிஷபம் இருந்த திசையிலிருந்து வந்தவை என்று சொல்லத்தக்கவை சில கிடைத்திருக்கின்றன. மற்றத் திசைகளிலும் ஏறக்குறைய அதே அளவு கிடைக்கிறது. ஆகவே குற்றவாளி இன்னும் பிடிபடவில்லை. ஆனால் இவ்வளவு சுத்தமாகத் தேட முடிகிறது என்பதைப் பார்த்து மேலதிகாரி இன்னொரு பலூனுக்குச் சம்மதித்துவிட்டார். என் அம்மாவிடம் நான் போய்ச் சொன்னேன். கடைச் சாப்பாடு தொடர்கிறது.

இனிப் போகிறவர்களுக்கு. மாசி, பங்குனிக்குள் போய்விடுங்கள், அதன் பிறகு வெயிலும் மழையும் மாறி மாறி வரும். நாகர்கோவிலில் தங்கினால் எல்லா இடத்துக்கும் பஸ் உண்டு. கடியப்பட்டணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் மீன் கிடைக்காது, மனிதர்களை நிதானமாகப் பார்க்கலாம். மணலில் நடப்பதால் உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று சிவகாமி சொல்கிறாள், அங்கே காலமெல்லாம் மனிதர்கள் நடக்கிறார்கள். சமணக் குகைக்கோயில் உள்ள சிதறால் மலைக்கு எங்களுக்கு நேரமில்லை, போனவர்கள் எழுதுங்கள்.

இன்னும் ஒன்று. அடுத்த பெட்டிக்கு அவள் எழுதிய வாசகத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது. ஆபீசில் அதை வாசித்தவர்கள் சிரித்தார்களாம், எடுத்துவிடச் சொன்னார்களாம், அவள் எடுக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கடலிலோ கரையிலோ வெள்ளைப் பலூனோடு ஒரு தகரப் பெட்டி உங்கள் கண்ணில் பட்டால் பயப்படாமல் கிட்டே போய்ப் படித்துப் பாருங்கள். 'கருமணலில் வைக்க வேண்டாம். காய்ந்த உப்பில் வைக்கவும்' என்று இருக்கும். அப்படியே செய்யுங்கள்.